கையடக்கம்: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

இலங்கையிலே தமிழ் வழங்கும் இடங்களில், அரசாங்க அறிவித்தல்களிலும் செய்தித்தாள்களிலும் வானொலிச் செய்திகளிலும் 'கையடக்கத் தொலைபேசி' என்னும் தொடர் பெருவழக்காகப் பயின்று வருகின்றது. அதே கருவியைத் தமிழ்நாட்டார் செல்பேசி, அலைபேசி, கைப்பேசி, செல்லிடப்பேசி எனப் பலவாறு கூறுவர். சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் வாழும் தமிழர் கைத்தொலைபேசி என்றும் கைப்பேசி என்றும் வழங்குவர். கருவி ஒன்று, மொழி ஒன்று, பெயர்களோ பல. இப்பன்மையைக் கண்டு, ஈழத்து வழக்கு ஒதுங்கிய வழக்கு என்றும், நீண்டு செல்லும் வெறும் மொழிபெயர்ப்பு என்றும், ஆதலின் அதனைக் கைவிட்டுப் பிறிதொன்றைக் கொள்ளுதலே தகும் என்றும் கூறுவாரும் உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்குமா என்பதைத் துணிதற்கு, 'கையடக்கம்' என்னும் சொல்லின் பொருளையும், அதனைச் சூழ்ந்த பழந்தமிழ் வழக்குக்களையும், அக்கருவி பிறந்து வளர்ந்த வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

சொல்லின் அமைப்பு

கையடக்கம் என்பது கை, அடக்கம் என்னும் இரு சொற்களால் ஆயது. அடங்கு என்னும் வினையடி உட்கொள்ளப்படுதல், ஒடுங்குதல், பணிதல் ஆகிய பொருள்களைத் தரும். அதன்வழிப் பிறந்த அடக்கம் என்னும் பெயரும் இப்பொருள்களை உடன்கொண்டே நிற்கும். அடக்கவிலை என்புழி உள்ளடங்கியதும், அடக்கமுடைமை என்புழி மன மொழி மெய்களின் ஒடுக்கமும், அடக்கஞ் செய்தல் என்புழி நிலத்தினுள் மறைத்தலும் பொருளாதல் காண்க. கையின்கண் அடங்குந் தன்மை கையடக்கம். பின்னர் அச்சொல் ஆகுபெயராய் அத்தன்மையுடைய பொருளையும் உணர்த்துவதாயிற்று.

மனித உடம்பையே அளவுகோலாகக் கொள்ளுதல் தமிழர்க்கு மிகப் பழைய வழக்கம். விரற்கடை, சாண், முழம் என்பன நீட்டலளவைகள். பிடி, சிறங்கை என்பன முகத்தலளவைகள். யாழ்ப்பாணத்து இல்லங்களிற் சிறங்கை என்னும் அளவு அரிசிக்கும் பயற்றுக்கும் வழங்கிவந்தமை யாவரும் அறிவர். இவ்வளவைகளுள் எதுவும் ஒரு பொருளின் இயல்பைக் கூறுவதன்று. பொருளுக்கும் அதனைக் கையாளும் மனிதனுக்கும் உள்ள தொடர்பைக் கூறுவதாகும். கையடக்கம் என்னுஞ் சொல்லும் அத்தகையதே. ஒரு பொருள் யாதினாற் செய்யப்பட்டது, எவ்வாறு இயங்குவது, எதற்குப் பயன்படுவது என்னும் வினாக்களுக்கு அது விடை கூறுவதில்லை. மனிதன் கையில் அடங்கும் என்னும் ஒன்றனையே அது கூறும்.

இச்சொல் தொலைபேசியோடு தோன்றிய புதுச்சொல்லன்று. திருக்குறள், பகவத்கீதை, தேவாரத் திரட்டு முதலிய நூல்களைச் சிறிய அளவில் அச்சிட்டு வெளியிட்டோர் அவற்றைக் கையடக்கப் பதிப்பு என வழங்கினர். பெட்டகத்தில் வைத்துப் போற்றும் ஏட்டுக்கட்டு வேறு. யாத்திரை செல்வோன் இடுப்பிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சிறு நூல் வேறு என்னும் வேறுபாட்டை அத்தொடர் செவ்வனே உணர்த்திற்று. எனவே தொலைபேசி சிறுத்துக் கைக்கு வந்தபோது, சிறுத்துக் கைக்கு வந்த நூலுக்கு முன்னரே உரியதாயிருந்த அடைமொழி அதற்கும் உரியதாயிற்று.

காவுதலும் கலப்பையும்

எடுத்துச் செல்லும் கருவிகளுக்குப் பெயரிடுதல் சங்க காலத்திலேயே தமிழிற் காணப்படுகின்றது. பாணரும் கூத்தரும் பொருநரும் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவரல்லர். வள்ளல்களை நாடி மலையும் காடும் கடந்து சென்றவர்கள். அவர்தம் தொழிற்கருவிகள் யாவும் தோளிலே தூங்கின. பாணர் ஏந்திய யாழ் அளவால் இருவகைப்பட்டது. சிறியது சீறியாழ், பெரியது பேரியாழ். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்னும் பெயர்கள் அவ்வேறுபாடு பற்றி எழுந்தன என்பர் ஒருசாரார்.

நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தர் தாம் கொண்டு செல்லும் இசைக்கருவிகளை நிரல்படக் கூறுவதோடு தொடங்குகின்றது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் குழலும் பதலையும் பைகளில் இடப்பட்டுப் பலாக்காய்க் குலைபோலத் தூங்கும் காட்சி அங்கே வருகின்றது. அப்பைக்கு வழங்கிய பெயர் 'கலப்பை' என்பதாம். கலம் என்பது ஈண்டு இசைக்கருவி. கலத்தையுடைய பை கலப்பை. உழுபடையை உணர்த்தும் கலப்பை என்னுஞ் சொல்லையே அறிந்த மாணாக்கர்க்கு இது வியப்பைத் தரலாம். அதியமானுடைய வாயில் காவலனை நோக்கி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலிலும் இசைக்கருவிப் பை என்னும் பொருளிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. பரிசில் தர நீட்டித்த அரண்மனையை விட்டு நீங்கத் துணிந்த புலவர், தம் கருவிகளைக் காவி, கலப்பையைக் கட்டிக்கொண்டமையைக் கூறுகின்றார். கையிலும் தோளிலும் கொண்டு செல்லத்தக்க கருவியை உடையோர்க்கு எத்திசையும் தம் திசையே என்னும் பெருமிதம் அப்பாடலின் உயிராகும். கருவி உடையவனோடு செல்வதாயின், உடையவன் ஓரிடத்துக்கு அடிமையாக வேண்டுவதில்லை. எடுத்துச் செல்லும் கருவிகளின் வரலாற்றில் இக்கருத்து ஊன்றி நோக்கத்தக்கது.

அப்பாடலிற் பயிலும் காவு என்னும் வினை, தோளிற் சுமத்தல் என்னும் பொருளது. காவடி என்னுஞ் சொல்லில் இதனைக் காணலாம். தமிழ்நாட்டுப் பேச்சில் இவ்வினை பெரும்பாலும் மறைந்தொழிந்தது. ஈழத்திலோ அது பேச்சிலும் எழுத்திலும் உயிருடன் விளங்குகின்றது. பிள்ளையை இடுப்பிற் காவுதலும் மூட்டையைத் தலையிற் காவுதலும் யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் கேட்கும் வழக்குக்கள். ஈழத்துக் கலைச்சொல் ஆக்கியோர் இவ்வினையினின்று நோய்காவி என்னுஞ் சொல்லைப் படைத்தனர். அளவும் திசையும் ஒருங்குடைய கணியத்தைத் தமிழ்நாட்டு நூல்கள் திசையன் என, ஈழத்து நூல்கள் காவி என்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாணர்தம் சொல் இந்நாட்டுப் பௌதிக வகுப்பில் ஒலிக்கின்றது என்பது மகிழ்தற்குரிய செய்தியாம்.

'கை' என்னும் முன்னொட்டு

கை என்னுஞ் சொல் பிற பெயர்களின் முன்னே நின்று மூவகைப் பொருள்களைத் தருகின்றது. முதலாவது, கையிற் கொள்ளத்தக்கது என்னும் பொருள். திருக்குறளிற் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வரும் கைவேல் இவ்வகையது. கைவிளக்கு, கைத்தடி, கைப்பை, கைம்மணி, கையேடு, கைத்துப்பாக்கி என்பனவும் அவ்வாறே. போர்த்துக்கேயர் கொணர்ந்த லேஞ்சி என்னும் துணிக்கும் ஈழத்தார் கையைச் சேர்த்துக் கைலேஞ்சி என்றனர். இரண்டாவது, கையால் இயக்கப்படுவது அல்லது செய்யப்படுவது என்னும் பொருள். கைத்தறி, கைவண்டி, கைவினை என்பன இதற்கு உதாரணங்களாம். மூன்றாவது, சிறுமை அல்லது அண்மை என்னும் பொருள். கைக்குழந்தை, கைச்செலவு, கைவாய்க்கால் என்பன இவ்வகையின.

இவ்வகைகள் எக்காலமும் பிரிந்தே நிற்பனவல்ல. ஈழத்தில் கைத்தொழில் என்னுஞ் சொல் அடைந்துள்ள விரிவு இதற்குச் சான்று. தமிழ்நாட்டில் அது கையாற் செய்யும் சிறுதொழிலையே குறிக்கும். ஈழத்திலோ பேரியந்திரங்கள் இயங்கும் ஆலைத் தொழிலும் கைத்தொழில் எனவே வழங்கப்படுகின்றது. அதற்கென அமைந்த அமைச்சும் கைத்தொழில் அமைச்சே. சொல்லின் உறுப்புக் குறிக்கும் எல்லையைச் சொல்லின் வழக்குக் கடந்துவிடும் என்பதை இஃது உணர்த்துகின்றது. ஆதலின் ஒரு சொல்லை மதிப்பிடுங்கால் அதன் பிறப்பை மட்டும் நோக்காது, அது வளர்தற்கு இடந்தருமா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

கருவி வந்த வழி

கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டிலே தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவி கம்பியினாற் சுவரோடு கட்டுண்டது. பேச விரும்புவோன் கருவி இருக்கும் இடத்துக்குச் செல்லவேண்டியவனானான். 1946ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பட்ட தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. கம்பி அறுந்தது; எனினும் கருவியைச் சுமந்தது வண்டியேயன்றி மனிதனல்லன். மேலும், ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய ஒலிபரப்பி அமைந்தமையின், ஒரே வேளையில் மிகச் சிலரே பேசக்கூடியதாயிருந்தது.

இக்குறையைத் தீர்க்கும் வழியைப் பெல் ஆய்வுகூடத்தார் 1947ஆம் ஆண்டில் வகுத்தனர். நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப்போலச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் குறைந்த ஒவ்வொரு நிலையத்தை அமைத்தல். ஒரு கூற்றிற் பயன்படும் அலைவரிசையைச் சற்றுத் தொலைவிலுள்ள பிறிதொரு கூற்றில் மீண்டும் பயன்படுத்தல். பேசுவோன் ஒரு கூற்றினின்று மறு கூற்றுக்குச் செல்லுங்கால் அவனது உரையாடலை ஒரு நிலையம் மற்றொன்றிடம் ஒப்படைத்தல் என்பனவே அவ்வழியாம். அக்கூறுகளுக்கு ஆங்கிலர் இட்ட பெயர் செல் என்பது. நிலையம் அண்மையில் இருத்தலின் கருவிக்குப் பேராற்றல் வேண்டுவதில்லையாயிற்று. கருவி சிறுத்தற்கு அதுவும் ஒரு காரணமாம்.

1973ஆம் ஆண்டு ஏப்பிரில் 3ஆம் நாளன்று மோட்டோரோலா நிறுவனத்தைச் சேர்ந்த மாட்டின் கூப்பர் நியூயோர்க் நகர வீதியில் நின்றவாறே கையிற்பிடித்த கருவியினாற் பேசினார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். பத்தாண்டுகள் கழித்து, 1983இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற கருவியின் எடை ஏறத்தாழ 800 கிராமும் விலை 3,995 டொலருமாக இருந்தன. அரைமணி நேரம் பேசுதற்கு அதன் மின்கலத்தைப் பல மணி நேரம் மின்னேற்ற வேண்டியிருந்தது. இலங்கையில் இச்சேவை 1989ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. தென்னாசியாவில் இதுவே முதலாவதாம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாளன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் அழைப்பாயிற்று.

கணினியின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1981ஆம் ஆண்டில் எடுத்துச் செல்லத்தக்க கணினி என விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட ஒஸ்போண் 1 என்னும் கருவி ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுடையது. அதனைக் காவலாம், கையில் அடக்குதல் இயலாது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய போட்டபிள் என்னும் அடைமொழி, சுமத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று வந்தது. எனவே அதற்கு நேரான தமிழ் காவத்தக்கது என்பதேயன்றிக் கையடக்கம் என்பதன்று. கையடக்கமானவை யாவும் காவத்தக்கவையே; காவத்தக்கவை யாவும் கையடக்கமானவையல்ல. இவ்விரு சொற்களும் இடையே நின்ற வரலாற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. சுவரோடு கட்டுண்ட கருவி காவத்தக்கதாகி, காவத்தக்கது கையடக்கமாகிய கதையே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நிகழ்ந்த கதையாம்.

பிறமொழிகள் பெயரிட்ட முறை

இக்கருவிக்கு உலக மொழிகள் இட்ட பெயர்களை நோக்கின், அவை நான்கு வழிகளில் அடங்கும். முதலாவது, இயங்குதல் பற்றிய பெயர். ஆங்கிலத்தின் மொபைல் அத்தகையது. சிங்களத்தில் வழங்கும் 'ஜங்கம துரகதனய' என்பதும் அத்தகையதே. ஜங்கமம் என்னும் வடசொல் தமிழர்க்குப் புதியதன்று. தாவரம், சங்கமம் என்னும் இணைச்சொற்கள் நிற்பனவற்றையும் இயங்குவனவற்றையும் முறையே உணர்த்தும். மாணிக்கவாசக சுவாமிகளின் சிவபுராணத்திலும் இவ்விணை வருகின்றது. குரு, லிங்கம், சங்கமம் எனச் சைவர் போற்றும் மூன்றனுள், சங்கமம் நடமாடும் திருக்கோயிலாகிய அடியவரைக் குறித்தது. அண்டைமொழியில் அதே சொல் தொலைபேசிக்கு அடைமொழியாயிற்று.

இரண்டாவது, கொண்டு செல்லுதல் பற்றிய பெயர். யப்பானியரின் கெய்த்தாய், மலாய் மொழியின் தெலிபோன் பிம்பிட் என்பன இவ்வகையின. மூன்றாவது, கை பற்றிய பெயர். சீனர் ஷோவ்ஜி என்பர். கைப்பொறி என்பது அதன் பொருள். பின்லாந்து மக்களின் கென்னுக்கா என்பது கையைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லினின்று பிறந்தது. செருமானியர் ஹண்டி என்பர்; அஃது ஆங்கிலச் சொல்லின் தோற்றமுடையதாயினும் ஆங்கிலர் அதனை இக்கருவிக்கு வழங்குவதில்லை. நான்காவது, உள்ளமைப்புப் பற்றிய பெயர். அமெரிக்கர் வழங்கும் செல் அத்தகையது.

உள்ளமைப்புப் பற்றிய பெயர் கருவியின் பெயராதல் முன்னரும் நிகழ்ந்ததுண்டு. 1947ஆம் ஆண்டிலே கண்டுபிடிக்கப்பட்ட ரான்சிஸ்ரர் என்னும் சிற்றுறுப்பு, 1954ஆம் ஆண்டு முதலாக விற்பனைக்கு வந்த சிறு வானொலிப் பெட்டிகளைத் தோன்றச் செய்தது. மக்கள் அப்பெட்டியையே ரான்சிஸ்ரர் என்றனர். உறுப்பின் பெயர் முதலுக்கு ஆயிற்று. ஆயினும் அச்சிற்றுறுப்புப் பின்னர் ஆயிரம் கருவிகளுள் இலட்சக்கணக்கிற் புகுந்தபோது, ஒரு கருவிக்கு மட்டும் அதனைப் பெயராக்குதல் பொருந்தாதாயிற்று. வழக்கும் மெல்ல மறைந்தது. உள்ளமைப்பைப் பற்றுக்கோடாகக் கொண்ட பெயர் அவ்வமைப்புப் பொதுவாகும்போதோ மாறும்போதோ தளர்வடையும் என்பதற்கு இது தக்க சான்றாம்.

தமிழ்ப் பெயர்களின் தகுதி

இவ்வளவில் தமிழ்ப் பெயர்களை எடுத்து ஆராயலாம். செல்பேசி என்னுஞ் சொல்லில் ஒரு நயம் உண்டு. ஆங்கிலச் செல் என்னும் ஒலியைக் கொண்ட அதே வேளையில், செல்லுதல் என்னும் தமிழ்வினையாகவும் அது நிற்கின்றது. ஊறுகாய், சுடுசோறு என்பனபோல அதனை வினைத்தொகையாகவே விரிக்கலாம். செல்லிடப்பேசி என்பது அந்நயத்தை மேலும் தெளிவாக்கிச் செல்லும் இடமெல்லாம் பேசுங் கருவி என்னும் பொருளைத் தருகின்றது. செல்லிடத் தொலைபேசி என்னும் வடிவம் ஈழத்திலும் வழங்குவதுண்டு. திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தில் செல்லிடம் என்பது தன் சினம் பலிக்கும் இடம் என்னும் வேறு பொருளில் வந்துள்ளமை மாணாக்கர் அறியத்தக்கது.

அலைபேசி என்பது சுருங்கிய இனிய சொல். எனினும் அலையினால் இயங்குதல் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கப்பற்றொடர்புக் கருவிகளுக்கும் பொதுவாதலின், இக்கருவியைப் பிறவற்றினின்று பிரிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆயினும் வழக்கு நிலைபெற்றபின் அக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

கைப்பேசி என்பதைப் பலர் கைபேசி எனப் பகரம் மிகாது எழுதுகின்றனர். கையின்கண் உள்ள பேசி என விரித்தலின் அஃது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்றொக்க தொகையாம். கைத்தடி, கைப்பை என்பவற்றிற்போல வல்லினம் மிகுதலே முறை. மிகாவிடின் கை பேசியது என்னும் எழுவாய்த்தொடரின் சாயல் தோன்றும். தொலைபேசி என்பதில் மிகாமையைக் கண்டு இங்கும் மிகாமல் எழுதுவாரும் உளர். இரண்டும் ஒரு நிகரனவல்ல. இனிப் பேசி என்பதன் ஈற்றிலுள்ள இகரம் பேசுவோனைக் குறிப்பதன்று. மண்வெட்டி, பாக்குவெட்டி என்பவற்றிற்போலக் கருவிப்பொருளை உணர்த்துவதாம்.

கையடக்கத் தொலைபேசி என்பது இவற்றுள் நீண்டது. அந்நீட்சி குறையேயெனினும், அதனால் விளையும் நன்மையும் உண்டு. தொலைபேசி என்னும் பொதுப்பெயரை அது சிதைக்கவில்லை. முன்னறிந்த பொருளின் ஒரு வகையே இதுவென முதன்முறை கேட்போனுக்கும் விளக்கிவிடுகின்றது. மேலும், ஈழத்து உயிரியல் நூல்களிற் செல் என்பது கலம் எனப்படும். அங்ஙனமிருந்தும் இக்கருவியைக் கலப்பேசி என எவரும் வழங்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் உறுப்பைப் பெயர்க்காது, பொருளை நேரே நோக்கிப் பெயரிட்டமையால், கையடக்கத் தொலைபேசி என்பதை வெறும் மொழிபெயர்ப்பு என இகழ்தற்கு இடமில்லை.

அவ்வழக்கு ஒதுங்கிய வழக்குமன்று. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வழங்கப்படும் பலகை வடிவான சிறு கணினியைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களும் கையடக்கக் கணினி என்றே எழுதுகின்றன. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய கணினியோ மடிக்கணினி என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. மடி என்பது ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு. வேட்டியின் மடியிற் பணமும் வெற்றிலையும் முடிந்த மூத்தோர்க்கு அச்சொல் நகைப்பை விளைத்திருக்கலாம். ஆயினும் அரசின் ஆணையும் மாணவரின் நாவும் சேர்ந்தபோது அது நிலைபெற்றுவிட்டது.

ஈழத்துச் சொல்லாக்க மரபு

புதுப்பொருளுக்குத் தமிழ்ப் பெயரிடும் முயற்சி ஈழத்திலே நீண்ட வரலாறு உடையது. 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் அதனைத் தமிழிலேயே புகட்டினார். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், அஃது இல்வழி வடமொழியை நாடுதல், அதுவும் இல்வழி ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. 1867இல் வெளிவந்த இரணவைத்தியம், 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், 1875இல் வெளிவந்த கெமிஸ்தம் என்னும் நூற்பெயர்களே அந்நெறியின் படிகளைக் காட்டுகின்றன. கெமிஸ்தம் நிலைக்கவில்லை, அதனிடத்தை இரசாயனவியல் கொண்டது. தமிழ்நாட்டிலோ வேதியியல் என்னுஞ் சொல் நிலைத்தது.

1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு ஈழத்தவரான விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. அன்று இரு நாட்டாரும் ஒரு பந்தியில் அமர்ந்து சொல் ஆய்ந்தனர். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது ஈழத்து வழக்குத் தனிநெறியில் உறுதிப்பட்டது. பௌதிகவியலும் இயற்பியலும், காவியும் திசையனும், கலமும் உயிரணுவும் இரு கரைகளில் நின்றன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. அதன்பின் அறிவித்தல்களிற் பயிலும் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லும் மக்களின் உரிமையோடு தொடர்புடையதாயிற்று. பரீட்சை மண்டபத்தின் வாயிலிலும் மருத்துவமனைச் சுவரிலும் நீதிமன்றக் கட்டளையிலும் எழுதப்படும் சொல் படிப்போனுக்கு ஐயமின்றி விளங்குதல் வேண்டும். விளங்காத சொல்லில் விதிக்கப்படும் விதி, விதியாகாது, பொறியாகும்.

இனிச் செய்யத்தக்கது

இக்கருவி பேசுதற்கு மட்டும் பயன்பட்ட காலம் கடந்துவிட்டது. 1992ஆம் ஆண்டு திசெம்பர் 3ஆம் நாளன்று முதலாவது குறுந்தகவல் அனுப்பப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபின், கண்ணாடித் திரையைத் தொட்டு இயக்கும் கருவிகள் எங்கும் பரவின. அது கடிதமாயிற்று; நூலகமாயிற்று; படப்பெட்டியாயிற்று; பணப்பையும் ஆயிற்று. பேசுதல் அதன் தொழில்களுள் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. எனவே பேசி என்னும் ஈற்றைக் கொண்ட பெயர்கள் யாவும், கைத்தொழில் என்னுஞ் சொல்லைப்போல, தம் உறுப்புப்பொருளைக் கடந்தே நிற்கவேண்டியவையாயின. கையடக்கம் என்னும் அடைமொழிக்கோ அத்தகைய இடர் இல்லை. கருவி எத்தொழிலை ஏற்பினும் எவ்வமைப்பை மாற்றினும் கையில் அடங்கும் வரையும் அப்பெயர் பொருந்தும். கையடக்கத் தொலைபேசி, கையடக்கக் கணினி, கையடக்க ஒளிப்படக்கருவி என அது விரிதற்கும் இடமுண்டு. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராகக் கையடக்கக் கருவி என்பதனையும், அதனினும் அகன்ற இனத்துக்குக் காவத்தக்க கருவி என்பதனையும் வரையறுத்து வழங்கின், பாடநூல்களிற் காணும் மயக்கம் பெரிதும் நீங்கும்.

செல்பேசியும் அலைபேசியும் கைப்பேசியும் கையடக்கத் தொலைபேசியும் ஒரு பொருட் பன்மொழியாய் வாழ்தலால் தமிழுக்கு இழுக்கில்லை. யானைக்குக் களிறு, வேழம், கரி எனப் பல பெயர் கண்ட மொழி, சிறு கருவி ஒன்றுக்கு நான்கு பெயர் பெறுதலாற் சிதைந்துவிடாது. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்திலும் பாடநூலிலும் அறிவித்தலிலும் ஒரு சொல்லே நிலையாக வழங்குதல் வேண்டும். அவ்விடத்தில் ஈழத்தார் தம் நாவிற் பழகிய சொல்லை நாணிக் கைவிடுதற்குக் காரணம் யாதும் இல்லை. காவு என்னும் பழவினையைப் பேணிக் காத்தமைபோலவே, கையடக்கம் என்னும் அரிய அளவைச்சொல்லையும் இந்நாட்டு வழக்குப் பேணிக் காத்துள்ளது. ஆசிரியர் அதனைச் சொல்லாக மட்டும் கற்பியாது, அதன் உறுப்பும் வரலாறும் விளங்கக் கற்பிப்பாராயின், மாணாக்கர் புதியதொரு பொருள் வருங்கால் பிறர் வாயை நோக்கி நில்லாது தாமே பெயரிடும் திறம் பெறுவர்.

ஔவையார் கலப்பையைக் கட்டிக்கொண்டு அரண்மனையை விட்டு நீங்கியபோது, கருவி அவருடைய தோளில் அடங்கிக் கிடந்தது. அவர் எதற்கும் அடங்கியவராக இல்லை. கையடக்கம் என்னுஞ் சொல்லும் அந்த முறையையே நினைவூட்டுகின்றது. கருவி கையில் அடங்குவது. கை கருவியில் அடங்குவதன்று. பாடநூலை மூடிவைத்து இரவெல்லாம் சிறு திரையை நோக்கியிருக்கும் மாணாக்கன், தன் கையிலுள்ள பொருளுக்குத் தன் முன்னோர் மொழி இட்ட பெயரை ஒருமுறை பொருளுணர்ந்து கூறிப் பார்த்தல் நன்று.